செய்திகளால் சிதறும் இல்லத்தரசியின் நிம்மதி



ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அது ஆம்பூரில் இருக்கலாம், வாணியம்பாடியில் இருக்கலாம், பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ இருக்கலாம். ஃபஜ்ருத் தொழுகை முடிந்துவிட்டது. கணவர் தோல் ஷாப்புக்குப் புறப்பட்டுக் கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. அடுப்பில் பால் காய்கிறது. அடுப்பு மேடையில், சர்க்கரை டப்பாவின்மீது சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் கைப்பேசி பேசிக்கொண்டே இருக்கிறது.

எங்கோ ஓர் ஊரில் குண்டு விழுந்திருக்கிறது. இடிபாடுகளுக்கிடையிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறார்கள். அடுத்த காட்சியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை. அதற்கடுத்து நெடுஞ்சாலை விபத்து. இவை போதாவென்று, குடும்பக் குழுவில் உறவினர் ஒருவர் அனுப்பிய, ஊர் பேர் தெரியாத காணொளி. பால் பொங்கி வழிகிறது. எழுந்து வந்த பிள்ளையின் முதுகில் காரணமின்றி ஓர் அடி விழுகிறது. "என்ன ஆயிற்று உனக்கு?" என்கிறார் கணவர். "ஒன்றுமில்லைங்க" என்கிறார் அந்தச் சகோதரி.

அவர் பொய் சொல்லவில்லை. தமக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்கே தெரியவில்லை. அதைத்தான் இக்கட்டுரையில் நாம் சற்று நிதானமாக ஆராய இருக்கிறோம்.

2020 ஏப்ரலை மறக்க முடியுமா?

செய்தி ஒரு குடும்பப் பெண்ணின் உள்ளத்தை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு நம் பகுதி மக்கள் வேறெங்கும் சான்று தேட வேண்டியதில்லை. கொரோனா பரவத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச் மாதம் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் நடைபெற்ற தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து ஏறத்தாழ 1,500 பேர் சென்றதாக அரசு அறிவித்தது. அடுத்த சில வாரங்களுக்கு நாட்டின் பல தொலைக்காட்சிகளில் நோயைப் பற்றிய செய்தி, ஒரு சமுதாயத்தைப் பற்றிய செய்தியாகவே மாறிப்போயிற்று.

ஊரடங்கு. வெளியே செல்ல இயலாது. பள்ளிவாசல் கதவுகள் சாத்தப்பட்டிருக்கின்றன. தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கின்றன. கூலி இல்லை. தகப்பனோ, கணவனோ, உடன்பிறந்தானோ தனிமைப்படுத்தும் முகாமில் இருக்கிறார். வீட்டில் விழித்திருப்பவை இரண்டே இரண்டு: தொலைக்காட்சிப் பெட்டியும், அதன்முன் அமர்ந்திருக்கும் தாயும். தன் வீட்டு மனிதரைப் பற்றி முன்பின் அறியாத எவரோ மணிக்கு மணி குற்றம் சுமத்துவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாள்களில் ஏற்பட்ட நெஞ்சுப் படபடப்பும் உறக்கமின்மையும் எத்தனை பேருக்கு இன்றும் தொடர்கின்றன என்பதை உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

பிறகு என்ன நடந்தது? 2020 ஆகஸ்ட் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் வழக்கில் வெளிநாட்டவர்மீது தொடரப்பட்ட வழக்குகளை ரத்துச் செய்தது. அவர்கள் பலிகடாவாக்கப்பட்டார்கள் என்றும், பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அவர்களுக்கெதிராகப் பெரும் பிரசாரம் செய்தன என்றும் அது குறிப்பிட்டது. 2021 செப்டம்பரில், ஊடகங்களில் ஒரு பகுதி அனைத்தையும் மதச்சாயம் பூசிக் காட்டுவதாக உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா வேதனையுடன் சொன்னார். இறுதியாக 2025 ஜூலையில், அவ்வெளிநாட்டவருக்குத் தங்க இடமளித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்கள்மீதான 16 வழக்குகளை டில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

குற்றச்சாட்டு வந்தபோது இரவும் பகலும் அலறிய பெட்டிகள், அது பொய்த்தபோது எத்தனை நிமிடங்கள் பேசின? இங்கேதான் நாம் ஓர் உண்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். அச்சம் வாசற்கதவைத் தட்டாமல் நுழைந்துவிடும். ஆறுதலையோ நாமாகத் தேடிச் சென்று அழைத்து வர வேண்டும்.

சொந்த ஊரே செய்தியாகும்போது

நம் பகுதி இத்தகைய சோதனைகளைப் பலமுறை கண்டிருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 27 இரவு, ஓர் இளைஞரின் மரணத்தைத் தொடர்ந்து ஆம்பூரில் வன்முறை மூண்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. அம்மாதம் 19-ஆம் நாள் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள், 10 நாள்கள் கழித்து, 29-ஆம் தேதி விடியற்காலையில் வேலூர் வட்டாரத்தில் 3.6 அளவில் நிலநடுக்கமும் உணரப்பட்டது.

இப்படிப்பட்ட ஒரு நாளில், "இன்றிரவு இதைவிடப் பெரிய அதிர்வு வரும்" என்றொரு குரல்பதிவு கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால், சிறு குழந்தைகளோடு தனித்திருக்கும் ஒரு பெண் உறங்குவாரா? நிலநடுக்கம் இந்த நாளில், இந்த நேரத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகின் எந்த விஞ்ஞானியாலும் இதுவரை இயலவில்லை. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அப்பெண் அந்தக் குரல்பதிவை அழித்துவிட்டுப் படுத்திருப்பார். எனவே சகோதரிகளே, நம்மைக் கெடுப்பதும் செய்திதான், காப்பதும் செய்திதான். எது எந்த வகை என்று பிரித்தறிவதே நம் பணி.

ஆய்வுகள் கூறுவது என்ன?

"பார்ப்பதால் என்ன ஆகிவிடும்? நமக்கா நேர்ந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. 2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாரத்தான் ஓட்டப் பந்தயத்தின்போது குண்டுகள் வெடித்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன்பின் ஆயிரக்கணக்கானோரிடம் விசாரித்தார்கள். அடுத்த ஒரு வாரம் நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அச்செய்தியிலேயே மூழ்கிக் கிடந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைக் காட்டிலும் அதிகமான மன உளைச்சல் அறிகுறிகளைத் தெரிவித்தார்கள்! சம்பவ இடத்தில் இருந்தவருக்கு அது ஒருமுறை நேர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவருக்கோ அது ஓயாமல் நேர்ந்துகொண்டே இருந்தது.

பிரிட்டனில் 1997-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வெறும் 14 நிமிடங்கள் துயரச் செய்திகளைப் பார்த்தவர்களுக்குக் கவலையும் சோர்வும் கூடின. அதோடு நிற்கவில்லை. செய்திக்குச் சிறிதும் தொடர்பில்லாத தம் சொந்தக் கவலைகளையும் அவர்கள் பூதாகரமாக எண்ணத் தலைப்பட்டார்கள். மகனின் இருமல் காசநோயாகவும், கணவரின் தாமதம் விபத்தாகவும் தோன்றுவது இப்படித்தான்.

கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களாகிய உங்களுக்கு மிகவும் நெருக்கமானது. ஆண்களும் பெண்களுமாக 60 பேர் அதில் கலந்துகொண்டார்கள். சிலருக்குத் துயரச் செய்திகளும், சிலருக்குச் சாதாரணச் செய்திகளும் படிக்கக் கொடுக்கப்பட்டன. துயரச் செய்தியைப் படித்த அந்த வேளையில் எவருடைய உடலிலும் பெரிய மாறுதல் தென்படவில்லை. ஆனால் அதற்குப்பின் ஒரு மன அழுத்தச் சோதனை வைத்தபோது, துயரச் செய்தி படித்த பெண்களின் உடலில் மட்டும் 'கார்ட்டிசால்' என்னும் அழுத்தச் சுரப்பு கூடுதலாகச் சுரந்தது. மறுநாள் அச்செய்திகளை அவர்கள் தெளிவாக நினைவும் வைத்திருந்தார்கள்.

பொங்கி வழிந்த பாலும், பிள்ளையின் முதுகில் விழுந்த அடியும் இப்போது நினைவுக்கு வருகின்றனவா? செய்தி அந்தத் தாயை அப்போதே வீழ்த்தவில்லை. அடுத்து வந்த சிறு சோதனையைத் தாங்கும் வலிமையைக் குறைத்து வைத்துவிட்டுப் போனது.

இல்லத்தரசிக்கு ஏன் கூடுதல் பாரம்?

ஆண்களும் இதே செய்திகளைத்தான் பார்க்கிறார்கள். ஆயினும் அவர் தேநீர்க் கடையில் நான்கு பேரோடு விவாதிக்கிறார், அரசாங்கத்தைத் திட்டுகிறார், அஸருக்குப் பள்ளிவாசல் சென்று வருகிறார். உள்ளே புகுந்த வெப்பம் ஏதோ ஒரு வழியில் வெளியேறிவிடுகிறது. ஷூ கம்பெனியில் பணிபுரியும் பெண்ணுக்குக்கூட, பக்கத்தில் அமர்ந்து தைக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். நான்கு சுவர்களுக்குள் இருக்கும் குடும்பப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

2019-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கோ இது 97 நிமிடங்கள்தாம். ஏறக்குறைய 5 மணி நேரம் கை வேலை செய்கிறது. காதும் மனமும் சும்மா இருக்கின்றன. அந்த வெற்றிடத்தில் செய்தி வந்து குடியேறுகிறது. கணவர் வெளியூரிலோ வளைகுடா நாட்டிலோ இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். அங்கே மழை என்றாலும், போர் என்றாலும் இங்கே இவருக்கு உறக்கம் போய்விடுகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு, 2021-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 23,178 இல்லத்தரசிகள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டதாகக் கூறுகிறது. இதற்குச் செய்திகள்தாம் காரணம் என்று கூறுவது பிழை. குடும்பப் பூசல், நோய், வறுமை எனக் காரணங்கள் பல. ஆனால் இல்லத்தரசியின் மனம் எத்துணை தனிமையில் பாரம் சுமக்கிறது என்பதை அந்த எண் உரக்கச் சொல்கிறது. ஏற்கெனவே பாரம் ஏற்றப்பட்ட வண்டியில் நாள்தோறும் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது நியாயமா?

வதந்தியால் அழுத அன்னை

செய்தியால் உள்ளம் நொறுங்கிய பெண்ணின் வரலாறு நமக்குப் புதிதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவின் நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பினார்கள். பயணம் முடிந்து திரும்பி, நோயுற்று வீட்டில் இருந்த அன்னையாருக்குச் சுமார் ஒரு மாத காலம் அது தெரியவே தெரியாது. தெரிந்தபோதோ நோய் அதிகரித்தது; உறக்கம் அகன்றது; அழுது அழுது ஈரலே பிளந்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். ஹதீஸ் நூல்கள் இதை விரிவாக எடுத்துரைக்கின்றன. நபிகளாரின் இல்லத்தில் வாழ்ந்த அன்னைக்கே இந்நிலை என்றால், செய்தியால் கலங்கும் ஒரு சாதாரணப் பெண்ணை "ஈமான் பலவீனம்" என்று ஏளனம் செய்ய எவருக்கு உரிமை உண்டு?

அவர்களின் தூய்மையை இறைவன் ஸூரத்துந் நூரில் பறைசாற்றினான். கேட்ட மாத்திரத்திலேயே 'இதைப் பேசுவது நமக்குத் தகாது' என்று ஒதுக்கியிருக்க வேண்டாமா என்று, நாவிலிருந்து நாவுக்கு அதைக் கடத்தியவர்களைக் கண்டித்தான். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனமோ, தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் எனக் கட்டளையிடுகிறது. கைப்பேசியில் ஒன்றைப் பிறருக்கு அனுப்புவதற்காக விரலை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டளை நம் கண்முன் வர வேண்டாமா?

செய்தியே வேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையைக் காட்டி, "பார்த்தாயா? பெண்களுக்குச் செய்தி எதற்கு? தொலைக்காட்சியை மூடு!" என்று கூறப் புறப்படும் சகோதரர்கள் சற்று நிற்க வேண்டும். நாம் சொல்ல வந்தது அதுவன்று.

பாலாற்று நீரும் கிணற்று நீரும் தோல் கழிவால் கெட்டபோது, வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று கிடைத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. குடிநீர்க் குடத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு இச்செய்தி தெரியாதிருந்தால் யாருக்கு நட்டம்? தடுப்பூசி முகாம், வெள்ள எச்சரிக்கை, கல்வி உதவித்தொகை, வாக்காளர் பட்டியல் ஆகிய அனைத்தும் செய்திகளே. இவை குடும்பத் தலைவிக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு செய்தியிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: "இதனால் நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?" உண்டென்றால் செய்யுங்கள். ஒரு துஆ, ஒரு ரூபாய் ஸதகா, ஒரு விண்ணப்பம், அண்டை வீட்டாருக்கு ஒரு பாத்திரம் கஞ்சி எதுவாயினும் சரி; செயலாக மாறிய செய்தி மனத்தில் புண்ணாகத் தங்குவதில்லை. ஒன்றுமே செய்ய இயலாதெனில், ஒருமுறை அறிந்துகொண்டது போதும். அதே காட்சியைப் பத்தாவது முறை பார்ப்பதால் அந்தக் குழந்தையின் காயம் ஆறிவிடப் போவதில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

1. செய்திக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனம் அளித்த அறிவுரையும் இதுவே: நாளில் ஓரிரு முறை, குறித்த வேளையில், நம்பகமான இடத்திலிருந்து மட்டும் செய்தியை அறிந்துகொள்ளுங்கள்.

2. ஃபஜ்ருக்குப் பின் முதல் ஒரு மணி நேரமும், இஷாவுக்குப் பின் உறங்கும் வரையிலும் கைப்பேசிச் செய்திகளுக்கு விடுமுறை அளியுங்கள்.

3. கொடூரக் காட்சிகளைக் காண்பதைவிடச் செய்தியைப் படிப்பது மேல். கைப்பேசியில் காணொளிகள் தாமாக ஓடும் வசதியை நிறுத்திவிடச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

4. சமையலறையில் செய்திக் குரல் வேண்டாம். கிராஅத், நல்ல சொற்பொழிவு, அல்லது அமைதி ஆகியவற்றில் ஒன்று அங்கே இருக்கட்டும்.

5. யார் சொன்னது, எங்கே நடந்தது, எந்த ஆண்டு நடந்தது? இம்மூன்றுக்கும் விடையில்லாத எதையும் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

6. மனத்தை வருத்திய செய்தியை எவரிடமேனும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாரம் ஒருமுறை கூடி அமரும் வழக்கம் உங்கள் முஹல்லாவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் நுழைந்ததும் தொலைக்காட்சியின் விவாதச் சண்டையை உரக்க வைப்பவர் பெரும்பாலும் நீங்களே. அரை மணி நேரம் அதை அணைத்துவிட்டு, "இன்று என்ன கேள்விப்பட்டாய்?" என்று மனைவியிடம் கேளுங்கள். "பைத்தியமா உனக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

மருத்துவரிடம் செல்வது குறையன்று

உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, நெஞ்சுப் படபடப்பு, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது வெறும் கவலையன்று. ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மருத்துவரையும் நாடுங்கள். நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பதன்றோ நபிகளார் (ஸல்) கற்பித்த பாடம்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கி.பி. 934-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கு நோய் வருவது போன்றே உள்ளத்துக்கும் வரும் என்று கூறி, அச்சத்துக்கும் துயரத்துக்கும் தனித்தனியே மருத்துவம் எழுதிவைத்தார். அமைதியான வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, கலக்கம் வரும்போது மருந்துபோல் எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பது அவர் தந்த அறிவுரைகளுள் ஒன்று.

வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில், குடும்பத்தினரும் நோயாளியோடு தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வெளியே செல்லத் தயங்குபவர்கள் வீட்டிலிருந்தே 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சகோதரிகளே! உலகின் துன்பங்களைக் கண்டு உங்கள் உள்ளம் நோவது குற்றமன்று. அது இரக்கத்தின் அடையாளம். அந்த இரக்கம் உங்களையே எரித்துவிடாமல் காத்துக்கொள்வதும் உங்கள்மீதுள்ள கடமை. வீட்டின் விளக்கு நீங்கள். நாளை காலை பால் காயும்போது அடுப்பு மேடையிலிருந்து கைப்பேசியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். எழுந்து வரும் பிள்ளை முதலில் காண்பது உங்கள் புன்னகையாக இருக்கட்டும். உலகச் செய்தி ஒரு மணி நேரம் காத்திருக்கும், பிள்ளை காத்திருக்காது.

அல்லாஹ் நம் இல்லங்களில் அமைதியை நிலைக்கச் செய்வானாக!